மலை தெரிகிற வரிசை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கைகளைப் பின்னால் கொண்டுபோய்விடுவார். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். சந்தைக்கு ஓட்டிப் போகும் ஆடு திமிறாமல் பிடிப்பதுபோல அவ்வளவு இறுக்கமான பிடி. காபி நீட்டினால் வாங்க மாட்டார். "கீழ வெச்சுடும்மா, எடுத்துக்கறேன்" என்பார். பெண்கள் அதைத் திமிர் என்றார்கள். நான் வெகு காலம் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் கிடையாது. "அந்த அம்மா" என்றால் போதும், கேட்பவர் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்.

நான் அடி அண்ணாமலையில் பால் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தது 1989-இல். வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம் அது. ஆகவே வருடத்தில் பிழை இருக்காது. அவர் இரண்டு மாடு வைத்திருந்தார். காலையில் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்பார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே இருக்கும். எதிரே டீக்கடைக்காரர் ஒருவர், செத்தவர்களுக்குச் செய்யும் சடங்கை மனத்தில் வைத்து, "பால் ஊத்த வந்துட்டாங்கப்பா" என்று கேட்கும்படி சொல்வார்.

"உனக்கு ஊத்த இன்னும் நாளு கெடக்குதுடா. உன் கடையில ஊத்தற மாதிரி தண்ணி கலந்துதான் ஊத்துவேன்" என்பார் அந்த அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலி இடம் மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். எங்கள் தெருக்களில் மலையை நோக்கிக் கால் நீட்டிப் படுப்பதில்லை. மலைதான் சாமி. குழந்தை தூக்கத்தில் உருண்டு கால் அந்தப் பக்கம் போய்விட்டால்கூட தாய் எழுந்து திருப்பிப் போடுவாள். உயிர் பிரிகிற நேரத்துக்கு மட்டும் விலக்கு. அப்போது கால் மலைப்பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பி, தலைக்கு அணை கொடுத்து, கதவைத் திறந்து, கண்ணுக்கு நேரே மலை நிற்கும்படி செய்வார்கள். சாகிறவரை எந்தத் திசைக்குத் திருப்புவது என்று பல தேசத்து வழக்கங்களைப் படித்திருக்கிறேன். சிலருக்கு ஆறு, சிலருக்குக் கடல், சிலருக்குச் சூரியன் விழும் பக்கம். எங்களுக்கு மலை.

எப்போது திருப்புவது என்பதில்தான் சிக்கல். முன்னாலேயே திருப்பினால் நாமே அனுப்பிவைத்ததுபோல் ஆகும். பிந்தினால் மலை பார்க்காமல் போன பழி வரும். பெற்ற பிள்ளைகள் எவரும் கட்டிலில் கை வைக்கத் துணிய மாட்டார்கள். அதனால் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

வந்து கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். சில வீடுகளில், "கஞ்சி குடுங்க. நாளைக்கு எழுந்து உக்காருவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் சொன்னபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். சில வீடுகளில் இடது கையின் பிடி தளரும். அதைப் பார்த்ததுமே பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். குனிந்து கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி ஒரே வீச்சில் திருப்புவார். தரையில் அரைவட்டமாக ஒரு கீறல் விழும். அதன்பிறகு யாருக்கும் அதிக நேரம் இருந்ததில்லை.

வசதியான ஒரு வீட்டில் கிழவர் மாதக்கணக்கில் படுத்திருந்தார். பிள்ளைகளுக்கு நிலத்தைப் பிரித்துக்கொள்ள அவசரம். தட்டில் ஒரு பட்டுப்புடவை வைத்து அந்த அம்மாவை வரவழைத்தார்கள். அவர் கிழவரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மணிக்கட்டுப் பிடி இன்னும் இறுகியது. "அவரு மலைய பாக்கற ஆளு இல்லே. உங்களத்தான் பாத்துக்கினு இருக்காரு. நல்லா சோறு போடுங்க" என்றார். கிழவர் அதற்குப் பிறகு பல பௌர்ணமிகள் மலை சுற்றினார். மூத்த பிள்ளைதான் முந்திக்கொண்டான். அவன் கட்டிலையும் அந்த அம்மாதான் திருப்பினார்.

1991 தை மாதம் என் மனைவியின் தங்கை அமுதா, பெண் குழந்தை பெற்ற மறுநாள், ரத்தப்போக்கு நிற்காமல் கிடந்தாள். இருபது வயதுகூட நிரம்பாத பெண். பிரசவம் பார்த்தவள் கையை விரித்துவிட்டாள். நான் பால் சங்கத்திலிருந்து ஓடிப் போனபோது அந்த அம்மா ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். என் மாமியார்தான் ஆள் அனுப்பியிருக்கிறார். அமுதாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது.

பின்னாலிருந்த பிடி தளர்ந்தது. அந்த அம்மா குனிந்து கட்டில் காலில் கை வைத்தார். மாமியார் தரையில் விழுந்து அலறினார்.

கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு எடுத்துவிட்டார். அவர் கையை எடுத்து அன்றுதான் ஊர் பார்த்தது.

"இன்னாத்துக்கு அழுவுறீங்க? தம்பி, உன் பால் வண்டி எங்க? போயி கொண்டா."

பால் கேன்களை இறக்கிவிட்டு அமுதாவை ஏற்றினோம். திருவண்ணாமலை ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியின் ஒரு பக்கத் திறப்பு முழுக்க மலைதான். வண்டி நகர்ந்ததும் அந்த அம்மா தோளில் கிடந்த பழைய புடவையை உதறி விரித்து, அந்தத் திறப்பின் குறுக்கே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். காற்றில் அது பாய்மரம்போல உப்பியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"வெளிய பாக்காதே கண்ணு. என்னையே பாரு. உன் பொண்ணுக்கு இன்னா பேரு வெப்பே, சொல்லு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அமுதா கண்ணை மூடவில்லை. பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியதால் பிழைத்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் புடவையை நினைக்காமல் அந்த நாளை என்னால் நினைக்க முடிந்ததில்லை.

சில நாள் கழித்துப் பால் ஊற்ற வந்தபோது, வரிசை கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன்.

"திருப்பத்தான் தம்பி கை வெச்சேன். சின்ன பொண்ணு. ஒரு வாட்டி திருப்பாம இருந்தா இன்னா ஆவுதுன்னு பாக்கலாமேன்னு தோணிச்சு." வாளியைக் கவிழ்த்து உதறினார். "மொதல்ல எங்க வூட்டுக்காரருதான். மலை பாக்கணும், திருப்புன்னாரு. திருப்பினேன். போயிட்டாரு. அடுத்து பக்கத்து வூட்ல வந்து கூப்ட்டாங்க. அப்பறம் ஊரே கூப்புட ஆரம்பிச்சிடுச்சு. நான் திருப்புறதால போறாங்களா, போறதால திருப்புறேனா? எனக்கே தெரியலே. ஆனா இந்தக் கை இருக்குது பாரு, அது தானா போவுது."

வலது கையை அவர் தன்னுடையது அல்லாததுபோலப் பார்த்தார்.

மறு வருடம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்காக ஒரு சிறிய ஆஸ்பத்திரி கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கே கட்டுவது என்பதில் ஊர் இரண்டானது. அதிகாரிகளும் டவுனில் வீடு கட்டியவர்களும் வேங்கிக்கால் பக்கம் என்றார்கள். மற்றவர்கள் மலை சுற்றும் பாதை ஓரத்திலேயே இருந்த புளியந்தோப்பு என்றார்கள். தோப்புக்காரர் இலவசமாகத் தர ஒப்புக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூட்டினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுத உட்காரவைத்தார்கள்.

"வேங்கிக்கால்னா கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல. டாக்டரு ஒழுங்கா வருவாரு" என்றார் ஒருவர்.

"டாக்டரு வருவாரு, நோயாளி வரணுமே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அமுதாதான், மடியில் குழந்தையோடு. "ரெண்டு பஸ்ஸு மாறி அங்க போறதுக்குள்ள அன்னைக்கே நான் செத்திருப்பேன். தோப்புல கட்டுங்க."

கைதட்டல் அடங்கியபோது பின்னால் சுவரோரம் நின்றிருந்த அந்த அம்மா வாய் திறந்தார். "தோப்புலேர்ந்து மலை தெரியுமா?"

ஊராட்சித் தலைவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்கம்மா. இந்த ஊர்ல எங்க நின்னா தெரியாது? மடிச்சு பாக்கெட்ல போட்டுக்கற மலையா அது?"

அந்த அம்மா சுவரோரமே உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டார். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டார். தலைவர் நெகிழ்ந்துபோனார். "அம்மா இவ்ளோ ஆசையா கேக்குது. மலைப்பக்கம் ஜன்னல் பெருசா வைக்கச் சொல்லுவோம். படுத்திருக்கறவங்க சாமிய பாத்துக்கினே இருக்கட்டும்" என்று அறிவித்தார். யாரோ "அரோகரா" என்றார்கள். கூட்டமே சேர்ந்து சொன்னது. அந்தச் சத்தத்தில் நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாவின் முகத்தைக் கண்டேன். வண்டியில் புடவை பிடித்தபோது இருந்த அதே முகம்.

மறுநாள் சங்கத்துக்கு வந்தார். "தம்பி, ஏரிக்கரைக்குக் கீழே ஒரு புறம்போக்கு கெடக்குதே. கரை மறைச்சிடும். அங்க மட்டும்தான் மலை தெரியாது. நீயாவது சொல்லேன்."

"நீங்களே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"மலை தெரியக்கூடாதுன்னு இந்த ஊர்ல நின்னுக்கினு நான் வாயால சொல்ல முடியுமா?" குரலைத் தாழ்த்தினார். "அது தப்பில்லே தம்பி. அது மலை, அது நிக்குது. பாக்கறவங்கதான் போயிடறாங்க."

நான் சொல்லிப் பார்த்தேன். மலையைப் பற்றி எதுவும் பேசாமல், அரசாங்க நிலம், யாருக்கும் கடமைப்பட வேண்டாம் என்ற அளவில் சொன்னேன். "மழை பேஞ்சா அங்க முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும் சார். டாக்டருக்கு பரிசல் வாங்கித் தருவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் நிற்பது உண்மைதான். தோப்பே முடிவாயிற்று.

1995-இல் திறந்தார்கள். மலைக்கு மேற்கே கட்டடம், கிழக்குச் சுவரில் பெரிய பெரிய ஜன்னல்கள். எல்லா ஆஸ்பத்திரிகளையும்போல நீளமான ஒரே கூடத்தில் இரண்டு வரிசைக் கட்டில்கள், தலைமாடு சுவரோரம், கால்மாடு நடுவே நடைவழிப் பக்கம். திறப்புவிழா அன்று எல்லோரும் மாலையும் ரிப்பனுமாக இருந்தபோது அந்த அம்மா கூடத்தின் நடுவில் போய் நின்றார். கிழக்கு வரிசையைப் பார்த்தார். அதில் படுப்பவர்களுக்கு மலை தலைக்குப் பின்னால். மேற்கு வரிசையைப் பார்த்தார். அதில் படுப்பவர்களின் கால் மலையை நோக்கி இருந்தது, கண்ணுக்கு நேரே ஜன்னல் நிறைய மலை.

"முன்னெல்லாம் நான் திருப்பணும்" என்றார் என்னிடம். "இப்போ கட்டடமே திருப்பி வெச்சிடுச்சு."

பிழைக்க வந்தவர்கள் யாரும் மேற்கு வரிசையில் படுக்க மாட்டோம் என்றார்கள். காய்ச்சல்காரர் ஒருவர் கீழே பாய் விரித்துப் படுத்தாரே தவிர காலிக் கட்டிலில் ஏறவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த இளம் பெண் மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கட்டில் பிரச்சினைன்னா சுத்தித் திருப்பிப் போடுங்க, முடிஞ்சுது" என்றார். ஊழியர் கும்பிட்டார். "வேற எந்த வேலை வேணாலும் சொல்லுங்க மேடம். கட்டில மட்டும் திருப்பச் சொல்லாதீங்க."

ஆனால் அந்த வரிசை வெகு நாள் காலியாக இருக்கவில்லை. முதலில் ஒரு குடும்பம், டவுன் ஆஸ்பத்திரியில் கைவிட்ட தங்கள் தகப்பனாரை அங்கிருந்து எடுத்துவந்து இங்கே சேர்த்தது. வைத்தியத்துக்கு இல்லை, மலை தெரிகிற கட்டிலுக்கு. அவர் மலையைப் பார்த்துக்கொண்டே அமைதியாகப் போனார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அடுத்து இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு வேன் வைத்துக்கொண்டு தூரத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். கிழக்கு வரிசையில் பிழைக்க வேண்டியவர்கள் கிடந்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு எதிரே, தங்கள் தலைக்கு மேலாக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வரிசை முகங்கள். பார்வையாளர் நேரத்தில் சிலமுறை போயிருக்கிறேன். இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

பிரசவத்துக்கு வருவது நின்றே போனது. "அங்க போயி புள்ளெ பெத்துக்கறதா?" என்று பெண்கள் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள், அல்லது வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அமுதா எந்த ஆபத்துக்காக அந்தத் தோப்பைக் கேட்டாளோ அது அப்படியே இருந்தது.

ஒன்று மட்டும் மாறியது. அந்த அம்மாவை வீட்டுக்கு வீடு கூப்பிடுவது நின்றது. பால் வரிசையில் காலி இடம் மெல்லச் சிறுத்தது. ஒருநாள் டீக்கடைக்காரர் கொடுத்த டம்ளரை அவர் கையிலேயே வாங்கிக் குடித்தார். நான் அதைப் பார்த்தேன். "இந்தக் கைக்கு இப்போ வேலையே இல்லே தம்பி. தூங்குது. யாரும் அத எழுப்பாம இருந்தா செரி. என்னோட போவட்டும்" என்றார்.

2002 மார்கழியில் அவருக்கு மூச்சு இரைப்பு வந்தது. மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தவரை அமுதாதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். டவுனுக்குப் போகிற நிலையில் அவர் இல்லை. தோப்பு ஆஸ்பத்திரியில் கிழக்கு வரிசை நிரம்பியிருந்தது. மேற்கே ஒரு கட்டில் காலி. வேறு வழியில்லாமல் அதில் படுக்கவைத்தார்கள். அமுதா தன் புடவை ஒன்றை நான்காக மடித்து எதிர் ஜன்னலில் கட்டினாள். இரண்டு நாள் மூச்சு சீராகவே போனது. "தேறிடுவாங்க" என்று நர்ஸ் சொன்னதை நானே கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு நானும் போனேன். எங்கள் பக்கத்தில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் எழும். ஏழு மணிவரை நிழல். பிறகு உச்சியின் விளிம்பில் வெளிச்சம் பிடிக்கும். அன்று வெளிச்சம் பிடித்தபோது, ஜன்னலில் கட்டியிருந்த புடவைக்குள் மலை எழுந்து நின்றது. நாலு மடிப்புத் துணியில், மடிப்புக் கோடுகளுக்கு நடுவே, கறுப்பாக, உச்சி முதல் அடிவரை.

அந்த அம்மாவின் கண் அதில் நிலைத்தது. "தெரியுது கண்ணு" என்றார்.

அமுதா கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் குனிந்து கட்டிலின் காலைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதே!" அந்தக் குரல் அவ்வளவு பலத்தோடு அவரிடமிருந்து வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "கட்டிலத் தொடாதே! வேணாம், நான் பாத்துக்கினே போயிடறேன், நீ தொடாதே!"

இரும்புக் கால் சிமெண்டில் கிறீச்சிட்டது. அமுதா ஒரே வீச்சில் திருப்பிவிட்டாள். மலை இப்போது அவர் தலைக்குப் பின்னால், கண்ணுக்கு நேரே வெறும் சுவர். கிழக்கு வரிசையில் இருந்த எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைவிட அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

"பெரிம்மா, இப்போ தெரியாது. இங்க பாருங்க, என்னையே பாருங்க. வண்டியில சொன்னீங்களே, அந்த மாதிரி."

அந்த அம்மா அவளைத்தான் பார்த்தார். அவள் முகத்தை இல்லை, கையை. "ஏன் கண்ணு தொட்டே?" என்று மெதுவாகக் கேட்டார். மதியத்துக்குள் போய்விட்டார். சுவரைப் பார்த்தபடி, மலையைப் பார்க்காமல்.

நான் எதிர்பார்த்தது வேறு. மலையைப் பார்க்காமலே போனதால், பார்ப்பதில் ஒன்றுமில்லை என்று ஊர் தெளியும் என்று நினைத்தேன். ஊர் வேறு கணக்குப் போட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் போகிறார்கள் என்றால் விஷயம் மலையில் இல்லை, கையில் இருக்கிறது என்றது.

கொஞ்ச நாளில், பால் ஊற்ற வரிசையில் வந்து நின்ற அமுதாவுக்கு முன்னும் பின்னும் இடம் விட ஆரம்பித்தார்கள். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தபோது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, எங்க மாமனாருக்கு ரொம்ப முடியலே. ஆஸ்பத்திரி வேணாங்கறாரு. நீங்க ஒரு நட வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா..."

"எனக்கு இன்னா தெரியும்? டாக்டரக் கூப்புடுங்க."

"டாக்டரு பாத்துட்டாரு அக்கா."

அமுதா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் பின்னால் போனேன்.

அந்த வீட்டில் கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். அவள் முதலில் நோயாளியைப் பார்க்கவில்லை. எந்த ஜன்னலில் மலை இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு பெண் டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள்.

"கீழ வெச்சுடும்மா" என்றாள் அமுதா.

நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய முதுகுதான் தெரிந்தது. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.